ஆஃப்சைடுக்கு ஒரு துணை அறிக்கை

கால்பந்தின் பன்னிரண்டாம் விதி இப்படிச் சொல்கிறது: நடுவரின் முடிவைச் சொல்லாலோ செயலாலோ எதிர்க்கும் ஆட்டக்காரருக்கு மஞ்சள் அட்டை காட்ட வேண்டும். விதியில் ‘ஆனால்’ என்ற சொல் இல்லை. நான் இப்போது வசிக்கும் வட இங்கிலாந்துச் சிறுநகரில் திங்கள் முதல் சனி வரை ஊர் முழுக்க இந்த விதி அமலில் இருக்கிறது. பேருந்து இருபது நிமிடம் தாமதமாக வந்தாலும் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். கடையில் ஒருவர் காலை நான் மிதித்துவிட்டேன். அவர் என்னிடம் ‘ஸாரி’ என்றார். ஞாயிறு காலை பத்தரை மணிக்கு அதே மனிதர்கள் பூங்கா மைதானத்தில் கயிற்றோரம் நின்றுகொண்டு, நடுவருடைய கண்பார்வையைப் பற்றியும் பிறப்பைப் பற்றியும் கத்துகிறார்கள். பன்னிரண்டரை மணிக்கு ஆட்டம் முடிந்ததும் மறுபடி எல்லோரும் ‘ஸாரி’க்குத் திரும்பிவிடுகிறார்கள்.

சாத்தூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மனைவி போன பிறகு மகள் செல்வியின் வீட்டுக்கு வந்து மூன்று வருடமாகிறது. ஊரில் இருந்தபோது பத்தொன்பது வருடம் விடுமுறை நாட்களில் கால்பந்து நடுவராகவும் இருந்தேன். முறையாகத் தேர்வெழுதித் தேறியவன். அந்த உரிமையில் ஞாயிறுதோறும் நானும் கயிற்றோரம் நிற்கிறேன். பக்கத்தில் தெர்மாஸ் குடுவையோடு கென் நிற்பார். முன்பு பேருந்து ஓட்டியவர், எங்கள் அடுத்த வீட்டுக்காரர். ஒரு நாள் உள்ளூர் அணித் தலைவன் நடுவரின் மூக்குக்கு நேரே போய் நின்று ஏதோ கத்தினான். நடுவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். இது எச்சரிக்கைக்குரிய குற்றம் என்று நான் சொன்னேன். “அவன் தன் அபிப்பிராயத்தைத்தானே சொல்றான்” என்றார் கென். அபிப்பிராயம் இருந்தால் ஆட்டம் முடிந்த பிறகு எழுத்து மூலம் கொடுக்கலாமே என்று கேட்டேன். கென் தேநீர் சிந்தச் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு முதல் கயிற்றோரத்தில் எல்லோருக்கும் என்னை ‘பெரிய நகைச்சுவைக்காரர்’ என்று அறிமுகம் செய்து வைக்கிறார்.

இந்தக் கட்டுரையை நான் எழுத வேண்டி வந்தது வேறொரு ஞாயிறால். ஆட்டம் தொடங்கும் முன் நடுவர் இரண்டு அணித் தலைவர்களையும் அழைத்தார். ஆறாம் எண் ஆட்டக்காரருக்குக் காது கேட்காது, ஆகவே விசில் ஊதும்போதெல்லாம் கையில் உள்ள மஞ்சள் துணியையும் உயர்த்துவேன் என்றார். எல்லோரும் தலையாட்டிவிட்டு இடத்துக்குப் போனார்கள். அரை நிமிடத்தில் முடிந்த காரியம். எனக்கு மட்டும் அன்று ஆட்டம் கண்ணில் படவில்லை. ஏழாயிரம்பண்ணை மாரிச்சாமிதான் நினைவில் நின்றான்.

எங்கள் பக்கம் தீபாவளி முடிந்ததும் பட்டாசுக் கம்பெனிகளை அடைத்துவிடுவார்கள். சீசன் முழுக்கக் குனிந்தே இருந்தவர்கள் நிமிரும் வாரங்கள் அவை. அப்போதுதான் கம்பெனிகளுக்கும் வியாபாரிகள் அணிகளுக்கும் இடையே சாத்தூரில் கோப்பைப் போட்டி நடக்கும். ஆட்களை ஏற்றி வந்த வேன்கள் மைதானத்தைச் சுற்றி நிற்கும். எத்தனை முறை கழுவினாலும் போகாத வெள்ளிப்பொடி விரல் இடுக்கில் மின்ன, பையன்கள் பூட்ஸ் மாட்டுவார்கள். பதினோரு வருடத்துக்கு முன் நடந்த இறுதி ஆட்டத்தில் ஏழாயிரம்பண்ணைக் கம்பெனியும் விருதுநகர் மிளகாய் வியாபாரிகளின் அணியும் மோதின. மாரிச்சாமி கம்பெனி அணியின் முன்வரிசை ஆட்டக்காரன். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது அவனுக்கு ஒரு பந்து போனது. கோலியைத் தவிர எதிரணி ஆள் யாரும் அவனுக்கு முன்னால் இல்லை, ஆகவே ஆஃப்சைடு என்று நான் விசில் ஊதினேன். அவன் நிற்காமல் ஓடிப் போய்ப் பந்தை வலைக்குள் அடித்தான். விசிலுக்குப் பிறகு அடித்ததற்கு மஞ்சள் அட்டை காட்டினேன். நேரே என்னிடம் வந்தான்.

“கோல் கம்பத்துக்கிட்டப் பாத்தீகளா இல்லையா? கண்ணை எங்கன வச்சுக்கிட்டு ஊதுறீக?” மைதானத்தின் மறு கோடி வரை கேட்ட குரல். இரண்டாவது மஞ்சள், அதன் மேல் சிவப்பு. அவனுடைய கம்பெனி மேனேஜர் ஓடி வந்து, “சார், நாளெல்லாம் சாம்பிள் வெடி போட்டுப் பாக்குறவன், சத்தமாத்தான் பேசுவான். மனசுல வச்சுக்கிடாதீக” என்றார். மனதில் வைக்க விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டு, அன்றே மூன்று பிரதிகளில் அறிக்கை எழுதிக் கோப்பைக் குழுவிடம் கொடுத்தேன். ஒரு வருடத் தடை. விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு மனுப்போட்டிருந்த அவனுக்குக் குழுவின் சான்றிதழ் தேவைப்பட்டது. தடையில் இருப்பவனுக்குச் சான்றிதழ் கிடையாது. வேலை போயிற்று. எனக்கு அப்போதே தெரியும். விதிப்படி நடந்தது என்று தூங்கினேன்.

அந்த ஆறாம் எண் ஆட்டக்காரருக்குப் பிறகு தூக்கம் சரியாக வரவில்லை. சாம்பிள் வெடி போடுகிறவனுக்குக் காது எப்படி இருக்கும்? விசில் காதில் விழாததால் ஓடியிருக்கிறான், காது மந்தமானதால் கத்தியிருக்கிறான். கேட்காத ஒருவனை எதிர்ப்புக் காட்டியதற்காக வெளியேற்றியிருக்கிறேன். நடுவர் தன் அறிக்கைக்குத் துணை அறிக்கை தரக் காலவரையறை எதுவும் சொல்லப்படவில்லை. ஆகவே சித்திரை மாதம் ஒரு துணை அறிக்கை எழுதினேன். ஒரு பிரதி கோப்பைக் குழுவுக்கு, ஒன்று கம்பெனி முகவரியில் மாரிச்சாமிக்கு, ஒன்று என் கோப்பில். முதல் இரண்டும் பதிவுத் தபாலில் போயின. ஆறு வாரம் கழித்து இருவருக்கும் முதல் நினைவூட்டு. மேலும் ஆறு வாரம் கழித்து இரண்டாவது.

“எப்பா, நீங்க பென்சன் வாங்குறீகளா, இல்ல இன்னும் ஆபீஸ் போறீகளா?” என்றாள் செல்வி. “அவரு எங்கன இருக்காரோ. மன்னிப்புக் கேக்கணும்னா ஒரு போனப் போட்டுக் கேட்டா முடிஞ்சுது. அதுக்கு எதுக்கு மூணு காப்பி?”

போனில் அவன் குரலைக் கேட்கப் பயம் என்பதை மகளிடம் எப்படிச் சொல்வது? ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. தபால்காரர் கதவுத் துவாரத்தில் எதையாவது தள்ளும்போதெல்லாம் மாடிப்படியில் பாதி இறங்கி நிற்பேன். பீட்சாக் கடை விளம்பரமாக இருக்கும். நவம்பர் ஐந்தாம் தேதி இரவு இங்கிலாந்து முழுக்க வாணம் விடுவார்கள்; அதற்காக ஐப்பசி வாக்கில் வெடிப் பெட்டிகள் கடைக்கு வரும். கென் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, “இது உங்க ஊர்ச் சரக்கா?” என்று கேட்டார். திருப்பிப் பார்த்தேன். சீனத்துச் சரக்கு. எங்கள் ஊர் என்றால் இன்னும் சத்தமாக இருக்கும் என்றேன். அதையும் நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டார்.

குழு இன்றுவரை வாய் திறக்கவில்லை. மாரிச்சாமியின் கடிதம் வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில், பேசுகிற மாதிரியே எழுதியிருந்தான்.

“சாருக்கு மாரிச்சாமி எழுதிக்கொண்டது. சீசன்ல எழுத நேரமில்ல. நேத்துத்தான் கம்பெனி அடைச்சாக. உங்க கடுதாசி மூணும் கிடைச்சது. அன்னைக்கு விசிலு எனக்கு நல்லாக் கேட்டுச்சு. போலீசு மெடிக்கல்ல காது டெஸ்டு பாஸ் பண்ணிட்டுத்தான் சர்ட்டிபிகேட்டுக்குக் காத்திருந்தேன். விசிலு தப்பு, அதான் நிக்கல. விருதுநகர்க்காரன் ஒருத்தன் இடது கம்பத்துக்கிட்ட உக்காந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கிட்டிருந்தான். நீங்க அங்கன பாக்கவே இல்ல. சத்தம் போட்டது கோவத்துல. இப்ப இடது காது மந்தந்தான், அது பெறவு கம்பெனியிலயே கிடந்ததுல வந்தது. செவிடன்னு எழுதி என்னைய மன்னிக்காதீக. ஆஃப்சைடு இல்லன்னு எழுதுங்க. அம்புட்டுத்தான்.”

நாலு முறை படித்தேன். எல்லா நடைமுறையும் தெரிந்த எனக்குப் போலீஸ் தேர்வில் மருத்துவப் பரிசோதனை உண்டு என்பது தோன்றவில்லை. அவன் கத்தியதில் கம்பம் என்ற சொல் இருந்தது. நான் குரலின் அளவை மட்டும் அறிக்கையில் எழுதினேன். பதினோரு வருடம் கழித்தும் நடுவரின் முடிவை எதிர்க்கிறான். ஐந்தாம் விதிப்படி ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் நடுவர் முடிவை மாற்ற முடியாது. தப்பு என்று எழுதக் கூடாது என எந்த விதியும் சொல்லவில்லை. தாள் எடுத்து வைத்து, ‘இரண்டாம் துணை அறிக்கை’ என்று தலைப்பிட்டேன். இடது கம்பம் என்ற இடத்தில் பேனா நின்றது. அங்கே யாராவது உட்கார்ந்திருந்தார்களா? எவ்வளவு முயன்றும் நினைவின் அந்த மூலை காலியாகவே இருக்கிறது. நான் பார்க்காததால்தான் காலியாக இருக்கிறது.

அன்று பொழுது சாயும்போது வேலிக்கு அப்பாலிருந்து கென் கூப்பிட்டார். முதல் வாணம் ஏறி வெடித்தது. ஏழாயிரம்பண்ணையில் இந்த வாரம் வெடியை முடித்துவிட்டுப் பந்துக்குப் போயிருப்பார்கள்; இங்கே பந்தை வைத்துவிட்டு வெடிக்கப் போகிறார்கள். நான் இரண்டுக்கும் நடுவே கோட்டுப் பையில் கடிதத்தோடு நின்றேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் என் கை இடது காதுக்குப் போனது. வெளியே வரும் முன், அலுவலகப் பழக்கத்தில், கடிதத்தின் மேல் மூலையில் சிவப்பு மையால் குறித்திருந்தேன்: பெறப்பட்ட நாள், நவம்பர் ஐந்து.