மானிட்டர் மூலையில் ஒரு ஸ்டிக்கர்

முருகதாஸ் கம்ப்யூட்டரைத் திறந்து பார்ப்பதற்கு முன் மோந்து பார்ப்பார். மேசைக்கு அடியில் முட்டுக்குத்தி, பெட்டியின் பின்பக்கம் காற்று வெளியேறும் ஓட்டையில் மூக்கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழுப்பு. கரிந்த மணம் வந்தால் ஹார்டுவேர், வராவிட்டால் சாஃப்ட்வேர். அவருக்குத் தெரிந்த வியாதிகள் இந்த இரண்டுதான். "மணம் ஒண்ணும் இல்லக்கா. சாஃப்ட்வேருதான். ஃபார்மெட் அடிச்சிரலாம்" என்று எழுந்து முட்டில் ஒட்டிய தூசியைத் தட்டிவிடுவார். மணம் வந்தாலும் ஃபார்மெட்தான் அடிப்பார் என்பது வேறு விஷயம்.

நாகர்கோவில் கோட்டாறில் ஜெராக்ஸ் கடை நடத்தும் சுஜா இந்தக் காட்சியைப் பல வருஷமாகப் பார்த்து வருகிறாள். முதல் தடவை சிரிப்பு வந்தது. இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. ஆனாலும் அவரைத்தான் கூப்பிடுகிறாள், ஏனென்றால் கூப்பிட்டால் வருகிற ஆள் அவர் ஒருவர்தான். மற்ற சர்வீஸ்காரர்கள், "விண்டோஸ் செவனா? தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க" என்று போனிலேயே காரியத்தை முடித்துவிடுகிறார்கள்.

ஆளைச் சொல்ல வேண்டும். சட்டைப் பை கிழிந்து தொங்கும் அளவுக்கு ஒரு வளையத்தில் கோத்த பென்டிரைவ்கள். கையில் எந்நேரமும் ஒரு ஸ்க்ரூ டிரைவர். கம்ப்யூட்டரைத் திறந்ததைவிட அதனால் காதைக் குடைந்ததுதான் அதிகம். தலைக்கு டை. அதை ஒழுங்காக அடிக்கவும் பொறுமை கிடையாது, காதோரத்தில் வெள்ளை எட்டிப் பார்க்கும். வயது நாற்பத்து மூன்று. இன்னும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதனாலோ என்னவோ, தன்னைவிட ஏழு வயது இளைய சுஜாவை வாய் நிறைய "அக்கா" என்பார். அவளும் விடாமல் "அண்ணாச்சி" என்பாள். ஒரு நாள் கேட்டே விட்டாள்: "நான் ஒங்களுக்குத் தங்கச்சில்லா, என்னத்துக்கு அக்காங்கிறியோ?" அவர் அசரவில்லை. "ஒரு மரியாதைக்குத்தாங்க்கா" என்றார்.

கம்ப்யூட்டர் சாஸ்திரம் விண்டோஸ் செவனோடு முடிந்துவிட்டது என்பது அவருடைய திடமான எண்ணம். "செவனுக்குப் பொறவு வந்ததெல்லாம் வெறும் பெயிண்டு, கேட்டியளா? அடியில கிடக்கது செவன்தான்." செய்த கம்பெனியே அதைக் கைகழுவி வருஷக்கணக்காகிறதே என்றால், "அவன் நிறுத்துனா நிறுத்திக்கிடட்டும். நம்ம நிறுத்தலேல்லா" என்பார். இதில் பெருமை வேறு. வாழ்க்கையில் ஒரு லைசென்ஸ்கூட வாங்கியதில்லை என்று, விரதம் இருந்தவர் மாதிரி சொல்லிக்கொள்வார். "லைசென்சு ஆட்டோ ஓட்டுகவனுக்கு. கம்ப்யூட்டருக்கு என்னத்துக்கு லைசென்சு?"

அவர் கை வைத்த இடத்தில் எது கெட்டாலும் குற்றவாளி வேறு யாராவதாக இருப்பார்கள். மின்சாரம், எறும்பு, கேபிள் நெட்காரன், எதிரே வீடு கட்டுகிறவன் கிளப்பும் சிமெண்ட் தூசி, ஐப்பசி மழை. பல்லி ஒன்று பெட்டிக்குள் முட்டையிட்டதை ஒரு தடவை நிஜமாகவே கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு எல்லாப் பழியும் பல்லிக்குத்தான் போனது.

இப்படிப்பட்டவர் கையில்தான் சுஜாவின் ஜாதகக் கம்ப்யூட்டர் இருந்தது.

கடை மூலையில் கிடக்கும் அந்தப் பழைய பெட்டியில் ஜாதகம் கணிப்பது ஒன்றுதான் வேலை. டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் வேறு லேப்டாப்பில். பிறந்த நாள், நேரம், ஊர் அடித்துக் கொடுத்தால் கட்டம், நவாம்சம், திசை எல்லாம் அச்சாகி வரும். சுத்துப்பட்டு ஊர்களில் கல்யாணம் பேசுகிறவர்கள், "சுஜாக்க கடையில எடுத்த ஜாதகம்" என்றால் அதற்குமேல் கேட்பதில்லை. அந்த நம்பிக்கையில்தான் கடை ஓடுகிறது.

சித்திரை மாதம் அந்தப் பெட்டியின் திரை கறுத்துப் போயிற்று. வலது மூலையில், கடிகாரத்துக்கு மேலே, 'இந்த விண்டோஸ் அசல் அல்ல' என்று இங்கிலீஷில் இரண்டு வரி. வாடிக்கையாளர் பார்த்தால் மானம் போகுமே என்று சுஜா அவரைக் கூப்பிட்டாள். மோந்தார். ஃபார்மெட் அடித்தார். பழைய ஜாதகங்களை முதலிலேயே பென்டிரைவில் எடுத்துத் திரும்பப் போட்டார், அந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தார். ஆனால் ஜாதக சாஃப்ட்வேர், பிற்பாடு புதுப்பித்த லைசென்ஸோடு, போனது போனதுதான். பழைய சி.டி.யிலிருந்து ஏற்றினால், அதோடு வந்த லைசென்ஸ் 2016-ஓடு முடிந்துவிட்டது, இனித் திறக்க மாட்டேன் என்றது. புது சாஃப்ட்வேர் வாங்கலாம். அது புது விண்டோஸ் கேட்கும். புது விண்டோஸ் போடலாம். அதைத் தாங்க அந்தப் பெட்டிக்குச் சீவன் இல்லை.

"நீங்க போய்ச் சாப்பிட்டுட்டு வாங்கக்கா. நான் ஒரு வழி பண்ணுகேன்" என்றார் முருகதாஸ்.

சுஜா திரும்பி வந்தபோது ஜாதகம் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் இருந்த இரண்டு வரியைக் காணவில்லை. அந்த இடத்தில், மானிட்டர் கண்ணாடிமேலேயே, மயில் படம் போட்ட ஒரு பெரிய ஸ்டிக்கர்: 'முருகா சிஸ்டம்ஸ் – நம்பிக்கையின் மறுபெயர்', கீழே அவருடைய போன் நம்பர்.

"என்ன பண்ணுனியோ அண்ணாச்சி?"

"அதெல்லாம் உள்விஷயம். சொன்னா ஒங்களுக்கு வெளங்காது."

விளம்பரம் ஒட்டிவிட்டுப் போகிறார் என்று சுஜா நினைத்தாள். சனியன், ஓடினால் போதும் என்று விட்டுவிட்டாள்.

ஆனி மாதம் தாழக்குடியிலிருந்து பகவதியம்மாள் வந்து மகள் நந்தனாவுக்கு ஜாதகம் எடுத்துக்கொண்டு போனாள். சுசீந்திரத்தில் மாப்பிள்ளை. பொருத்தம் பார்த்து, பெண் பார்த்து, நிச்சயத்துக்கு மண்டபமும் பேசியாயிற்று. அப்போதுதான் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் ஆறுமுகப்பெருமாள் அந்தத் தாளைக் கையில் வாங்கினார். கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் தாளானாலும் வரி விடாமல் படிக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. எல்லோரும் கட்டத்தைப் பார்ப்பார்கள்; பிறந்த தேதிக்குக் கீழே 'நடப்பு வயது' என்று ஒரு வரி இருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. அவர் பார்த்தார். பிறந்த வருஷம் 1998. நடப்பு வயது 18. பெண்ணுக்கு இருபத்தேழு என்றல்லவா சொன்னார்கள்?

"பிறந்த வருஷம் ஒண்ணு சொல்லுகு, வயசு ஒண்ணு சொல்லுகு. எதையோ மாத்தப் போயி எங்கயோ மாட்டியிருக்கு. இது திருத்துன ஜாதகம்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இந்த ஒரு சம்பந்தம் போனால் போகட்டும் என்று இருக்க முடியாது. நாஞ்சில் நாட்டில் யாரும் யாருக்கோ ஒரு வகையில் சொந்தம். சுசீந்திரத்தில் சொன்ன சொல் மறுநாள் பூதப்பாண்டியில் இருக்கும், அதற்கடுத்த நாள் தாழக்குடிக்கே திரும்பி வந்து நிற்கும். திருத்தின ஜாதகம் என்று பெயர் விழுந்த பெண்ணைக் கேட்டு எவனும் படியேற மாட்டான்.

பகவதியம்மாள் கடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தாளை நீட்டினாள். அழவில்லை. அழுதிருந்தால் சுஜாவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "எம்பிள்ளைக்க வயசை நான் எதுக்கு மக்களே மறைக்கணும்? அவ என்ன குறைஞ்சா போனா?" என்று மட்டும் கேட்டாள்.

சுஜா தாளைப் பார்த்தாள். மூலையில் கிடந்த பெட்டியைப் பார்த்தாள். அதற்கப்புறம் அந்த மயிலைப் பார்த்தாள். எழுந்து போய் நகத்தால் சுரண்டி ஸ்டிக்கரைப் பிய்த்தாள். 'அசல் அல்ல' என்ற இரண்டு வரியும் அப்படியே இருந்தன. அதற்குக் கீழே கடிகாரம். தேதியில் வருஷம் 2016.

லைசென்ஸ் முடிந்துவிட்டதென்றால் லைசென்ஸ் வாங்க வேண்டும், இல்லையென்றால் முடியாது என்று சொல்ல வேண்டும். இந்த மனுஷன் காலத்தையே பின்னால் தள்ளிவிட்டு, தள்ளின தடயத்தின்மேல் தன் பெயரையும் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். சித்திரையிலிருந்து எத்தனை பேருக்கு இந்தப் பெட்டியில் எடுத்துக் கொடுத்தோம் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள், விரல் போதவில்லை. எல்லோருக்கும் போன் செய்து தாளை மாற்றிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் நந்தனா.

பகவதியம்மாள் மூலம் ஆறுமுகப்பெருமாளைக் கடைக்கு வரச் சொல்லிவிட்டு, முருகதாஸைப் போனில் பிடித்தாள். "நாளைக்குக் காலையில மாப்பிள்ளைக்க மாமா கடைக்கு வருகாரு. நீங்க வந்து ஒத்த வார்த்தை சொல்லணும். தேதியை மாத்துனது நான்தான்னு."

"மாத்துனேன்னு சொல்லாதீங்கக்கா. அது அட்ஜஸ்ட்மெண்ட்."

மறுநாள் ஆறுமுகப்பெருமாள் குடையும் மூக்குக் கண்ணாடியுமாக வந்து உட்கார்ந்தார். பகவதியம்மாள் அவர் முகத்தைப் பார்க்காமல் ஓரமாக நின்றாள். முருகதாஸ் வந்தார். வந்ததும் மேசைக்கு அடியில் குனிந்து மோந்து பார்த்தார். சுஜாவுக்கு அந்த முதுகில் ஒரு மிதி மிதிக்கலாமா என்றிருந்தது.

"மதர்போர்டுல ஒரு பேட்டரி உண்டும். அது எறங்குனா தேதி தன்னால பின்னால போவும். இது கரண்டுக்காரனுக்க குத்தம்" என்றார் நிமிர்ந்து.

சுஜா தேதியை இந்த வருஷத்துக்கு மாற்றினாள். ஜாதக சாஃப்ட்வேர் 'உரிமம் முடிந்தது' என்று மூடிக்கொண்டது. 2016-க்குத் தள்ளினாள். திறந்துகொண்டது. "பேட்டரிக்கு லைசென்சு முடிஞ்ச வருஷம் எப்படி அண்ணாச்சி தெரியும்?" என்று கேட்டாள்.

ஆறுமுகப்பெருமாள் தலையை ஆட்டினார். "இந்தக் கம்ப்யூட்டர் வித்தையெல்லாம் எனக்கு வெளங்காதும்மா. இப்பம் நீயும்தான் தேதியை மாத்துக. யாரு எப்பம் மாத்துனான்னு நான் எதை வச்சு நம்ப? செய்தவரு வாயால சொல்லட்டும்."

எல்லோரும் முருகதாஸைப் பார்த்தார்கள். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் காதுக்குள் விட்டார்.

"அப்படிச் சொன்னா என் பேரு கெட்டுப் போவும்லாக்கா" என்றார்.

"எம் பிள்ளைக்க பேரு?" என்றாள் பகவதியம்மாள்.

முருகதாஸ் கூரையில் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பெண்ணின் வாழ்க்கை தன் நாக்கு நுனியில் நிற்கிறது என்பது தெரிந்தும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நிற்க ஒருவரால் முடிகிறது. சுஜாவுக்குக் கோபம்கூட வரவில்லை. இவரிடம் இனி மன்றாட வேண்டாம் என்று திரும்பிப் பெட்டி முன்னால் உட்கார்ந்தாள்.

பழைய ஜாதகங்களின் வரிசை திரையில் கிடந்தது. அதில் ஒன்று முருகதாஸுடையது. தரகருக்குக் கொடுக்க வேண்டும் என்று எந்தக் காலத்திலோ அவரே சொல்லி அடித்தது. ஃபார்மெட்டுக்கு முன் பத்திரமாக எடுத்துத் திரும்பப் போட்டவரும் அவரேதான். சுஜா அதைத் திறந்து பிரிண்ட் கொடுத்தாள். சூடாக வந்த தாளை ஆறுமுகப்பெருமாள் கையில் வைத்தாள்.

"இதைப் படியுங்க மாமா. படிச்சிட்டு இவரையும் பாருங்க."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாய்விட்டே படித்தார். "பெயர் முருகதாஸ். பிறந்த வருஷம் ஆயிரத்தித் தொளாயிரத்து எண்பத்திரண்டு. நடப்பு வயது முப்பத்து நாலு." தாளை இறக்கினார். காதோரத்து வெள்ளையைப் பார்த்தார். சட்டைப் பொத்தானை முட்டிக்கொண்டு நின்ற வயிற்றைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"இவருக்கா?"

முதலில் சிரித்தது பகவதியம்மாள்தான். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள், ஆனாலும் நிற்கவில்லை. ஆறுமுகப்பெருமாளுக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டிவந்தது. துடைத்துவிட்டு, "வயசைக் குறைச்சது பிள்ளை இல்ல, இந்தப் பெட்டிதான்" என்று நந்தனாவின் தாளைக் கேட்டு வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"மண்டபக்காரன்ட்ட வேண்டாம்னு சொல்லிராதீங்கம்மா. நாள் அதே நாள்தான்" என்றார் பகவதியம்மாளிடம். "நான் வாய்க்கு வந்ததை நாலு வீட்டுல சொல்லிட்டேன். அந்த நாலு வீட்டுக்கும் நானே போய்ச் சொல்லுகேன், தப்பு எனக்கதுதான்னு."

பகவதியம்மாள் சுஜாவின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு அவருக்குப் பின்னால் இறங்கிப் போனாள். தப்பு என் பேரில் என்று சொல்ல, அன்று கடைக்கு வந்தவர்களில் ஒருவருக்காவது நாக்கு எழுந்ததே என்று சுஜா நினைத்துக்கொண்டாள். குனிந்து பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள். புதிது வாங்கும்வரை இந்தக் கடையில் ஜாதகம் கிடையாது.

முருகதாஸ் இன்னும் போகவில்லை. மேசைமேல் கிடந்த தன்னுடைய தாளை எடுத்தார். கிழித்துப் போடப் போகிறார் என்று சுஜா நினைத்தாள். அவர் அதை டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்து, உதடு அசைய ஒரு தடவை படித்தார். ஒரு கையால் காதோரத்து முடியை அழுத்தி விட்டுக்கொண்டார்.

"அக்கா, இதுல ஒரு ஜெராக்ஸ் போடுங்க" என்றார்.

சுஜா ஜெராக்ஸ் மெஷினின் சுவிட்சை அணைத்தாள். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்த பென்டிரைவ் கொத்தை எடுத்து மேசைமேல் போட்டார். வயது இருக்கும் வரியில் மடிப்பு விழாதபடி பார்த்துப் பார்த்துத் தாளை நாலாக மடித்து, காலியான பைக்குள் வைத்து, வெளியிலிருந்து ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.