ஆயிரத்து முப்பத்துநான்கு

எங்கள் ஊரில் ஸ்குவாஷ் என்றால் தண்ணீர் கலந்து குடிக்கிற ஆரஞ்சுச் சாறு. அந்தப் பெயரில் ஒரு விளையாட்டு இருப்பதே நாற்பத்தாறு வயதில்தான் எனக்குத் தெரியவந்தது. சொன்னவன் என் பள்ளித் தோழன், பரளச்சி ஊர்க்காரன். சென்னையில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு, அப்பா இறந்ததும் மானாவாரிக் காட்டைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பியவன்.

பாளையம்பட்டியில் எங்கள் பருத்திக் கிட்டங்கி காலியாகக் கிடந்தது. வந்து பார்த்தான். "நாலு சுவரும் நல்ல உசரம்லே, இது போதும்" என்றான். ஒரே மாதத்தில் சுவரைப் பூசி, சிவப்புக் கோடு போட்டு, என் கையில் ஒரு மட்டையைத் திணித்துவிட்டான். இரண்டு பேரும் அருகருகே நின்று, எதிர்ச் சுவரில் கோட்டுக்கு மேலே படும்படி மாறி மாறி ரப்பர் பந்தை அடிக்க வேண்டும். வாரம் ஒரு மேட்ச், காலையில் நான் கடை திறக்கப் போகும் முன்.

மேட்சைவிட அவனுக்குப் பிரியமானது அதற்குப் பிறகு புள்ளி மாற்றுவது. தொடக்கத்தில் ஆளுக்கு ஆயிரம். தோற்றவனிடம் கழிப்பதை ஜெயித்தவனிடம் கூட்ட வேண்டும். எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம். ஜெயிப்பான் என்று எதிர்பார்த்தவனே ஜெயித்தால் கொஞ்சம்தான் கிடைக்கும். எதிர்பாராதவன் ஜெயித்தால் அள்ளிக்கொள்ளலாம். செல்போனில் தட்டிப் பார்த்து எண்ணைச் சொல்வான். வாசல் பக்கச் சுவரில் சாக்பீஸால் எழுதுவோம். அவரவர் எண்ணை அவரவரே அழித்து எழுத வேண்டும். "உன் இறக்கத்த நீயே எழுதுனாத்தான் உறைக்கும்லே" என்பான்.

இரண்டு வருஷத்தில் அவன் ஆயிரத்து நூறு, நான் தொள்ளாயிரம். இனி என்னை ஜெயித்தால் அவனுக்கு எட்டுப் புள்ளிதான் என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னை ஜெயிப்பது அவ்வளவு சுலபமா? ஒரு நாளாவது அவனைத் தாண்டிவிட வேண்டும் என்பது எனக்கு வெறியாகவே ஆகிவிட்டது.

போன தை மாதம் ஜெயித்தேன். இருபத்துநான்கு புள்ளி. அடுத்த வாரமும் ஜெயித்தேன், அதற்கடுத்த வாரமும். அவன் பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "என்னலே, தெம்பு போச்சா? கிழவனாயிட்டியே" என்று சிரித்தேன். அவனும் சிரித்துக்கொண்டு தன் எண்ணை அழித்து எழுதினான். ஐந்தாவது வெற்றியில் நான் ஆயிரத்து நான்கு, அவன் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு. அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன். ஆட்டம் எனக்குக் கைவந்துவிட்டது என்று மனப்பூர்வமாக நம்பினேன். இன்னும் இரண்டு முறை ஜெயித்தேன். அதன் பிறகு அவன் வரவில்லை.

மூன்றாவது வாரம் அவன் மனைவி கடைக்கு வந்தாள்.

"அண்ணே, அவுகளுக்கு ரத்தத்துல புத்துநோயாம். மதுரையில சொல்லி அஞ்சு மாசமாச்சு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாக. சொன்னா விளையாட வரமாட்டீகளாம்."

ஐந்து மாதம். விரலை மடக்கிப் பார்த்தேன். நான் ஜெயித்த ஏழு மேட்சும் அதற்குள் அடங்கிவிட்டன. யார் ஜெயித்தது என்று மட்டும்தான் அந்தக் கணக்குக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவன் சுவரைப் பிடித்து நின்றதைப் பார்த்துவிட்டுச் சிரித்த வாயை என்ன செய்வது?

சித்திரையில் ஒரு காலை அவனே பஸ் பிடித்து வந்தான். சட்டை அவன் மேல் தொங்கியது. "ஒரே ஒரு மேட்சுலே" என்றான். எட்டி அடிக்கக்கூடிய பந்தையெல்லாம் விட்டேன். கோட்டுக்குக் கீழே வேண்டுமென்றே அடித்தேன். அவன் ஜெயித்தான். செல்போனில் நானே கணக்குப் பார்த்து, "உனக்குப் பத்தொன்பது, எழுதுலே" என்று சாக்பீஸை நீட்டினேன்.

அவன் வாங்கவில்லை.

"நான் ஜெயிக்கலலே. நீ தோத்த. ரெண்டும் வேற."

கோபமாகச் சொல்லவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வாசல் வரை நடந்தான். பஸ் ஏற்றிவிட்டேன். "வாரேன்லே" என்றான். வைகாசி முடிவதற்குள் போய்விட்டான்.

கிட்டங்கியைத் தறி போட வாடகைக்குக் கேட்கிறார்கள். வெள்ளையடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு நாளைக் கடத்துகிறேன். வாசல் பக்கச் சுவரில் அவன் கையெழுத்தில் தொள்ளாயிரத்து அறுபத்தாறு இருக்கிறது. அதைத் தொட எனக்கு உரிமை இல்லை. பக்கத்தில் என்னுடையது, ஆயிரத்து முப்பத்துநான்கு. அதிலிருந்து ஒரு புள்ளியையாவது அவனுக்குத் திருப்பிக் கொடுக்க ஆசைதான். அதற்கு நான் நிஜமாகத் தோற்க வேண்டும். தோற்பதற்கு அவன் வர வேண்டும்.