கிப்லாச் சுவரில் ஒரு டிவி

ஃபிரிஸ்கோவில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் ஹாலில் ஒரு கேஸ் ஃபயர்பிளேஸ் இருந்தது. இருந்தது என்பதோடு சரி. கண்ணாடிக் கதவு, உள்ளே பொய் விறகுக் கட்டைகள், பக்கத்தில் திருகுவதற்கு ஒரு சாவி, எல்லாம் இருந்தும் நாங்கள் குடிவந்த பிறகு அது ஒரு நாள்கூட எரிந்ததில்லை. என் வகுப்புப் பையன்கள் வீட்டிலெல்லாம் டிசம்பர் வந்தால் தீ எரியும். எங்கள் வீட்டில் எரியாததற்குக் காரணம், அது கிப்லாச் சுவர், நாங்கள் தொழும் திசை.

மக்காவை நோக்கித் தொழுவதற்கு ஊரில் மேற்கே திரும்புவார்கள். டெக்சாஸில் வடகிழக்கே திரும்ப வேண்டும். வீடு பார்க்க வந்த அன்று வாப்பா தரையில் திசைகாட்டியை வைத்து, அந்தச் சுவர் துல்லியமாகக் கிப்லாவுக்கு நேரே நிற்பதைக் கண்டுபிடித்து, சமையலறையைக்கூட எட்டிப் பார்க்காமல் விலை பேசினார். தொழும்போது எதிரில் நெருப்பு கூடாது என்பது உம்மாவின் பிடிவாதம். தொழாத நேரத்தில் எரிக்கலாமே என்று நான் கேட்டால், பதிலாகப் பாத்திரம் விளக்கும் சத்தம் மட்டும் கூடும்.

அந்த வருடம் பிளாஸ்மா டிவி வீடு வீடாக வந்துகொண்டிருந்தது. வாப்பா உம்மாவின் ஆயுதத்தை எடுத்தே உம்மாவை மடக்கினார்.

"தொழுற பக்கம் நெருப்பு எதுக்குன்னு நீதானே சொல்ற? ரிமூவ் பண்ணிடுவோம், தொல்லை விட்டுச்சு."

உம்மா சரி என்றாள். எடுத்த இடத்தில் எது வரப்போகிறது என்பதை அவள் காதில் வாங்கவில்லை. அந்த வருடம் அவள் எதையுமே சரியாகக் காதில் வாங்கவில்லை. கீழக்கரையில் அவளுடைய வாப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். எங்கள் கிரீன் கார்டு விவகாரம் பாதியில் நின்றது. இப்போது நாட்டைவிட்டுப் போனால் எல்லாம் கெட்டுவிடும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் காலிங் கார்டைச் சுரண்டி எண்களை அழுத்தி, "நாங்க நல்லா இருக்கோம் வாப்பா, நீங்க கஞ்சி குடிச்சீங்களா?" என்று தெருவுக்கே கேட்கும்படி சிரித்துச் சிரித்துப் பேசுவாள். அதனால் அவள் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம்.

வேலைக்கு வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, இர்விங்கிலிருந்து வந்தார். மென்பொருள் எழுதுகிறவர், சுவரும் அதே மாதிரிதான் என்று நினைத்துவிட்டார். ஒரே வீக்கெண்டில் முடித்துவிடலாம் என்றார் முதல் நாள். பிறகு எத்தனையோ சனிக்கிழமைகள் வந்து போயின. இதில் முதல் காரியமாக எங்கள் பழைய டிவியை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். இந்தக் கொடுமையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. கார்ட்டூன் பார்க்க வேண்டிய நேரத்தில் சுவரில் ஒரு ஓட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கேஸ் குழாயை அடைக்க மட்டும் லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிட்டே ஆகவேண்டும் என்று உம்மா நின்றாள். அந்த ஆள் அடைப்பதற்கு முன் சோதிக்கிறேன் என்று சாவியைத் திருகிப் பற்ற வைத்தார். நீலமாக எழும்பிப் பொய்க் கட்டைகளின் மேல் மஞ்சளாக ஆடியது தீ. நான் சப்பணம் போட்டு உட்காருவதற்குள் அணைத்துவிட்டார். எங்கள் ஃபயர்பிளேஸ் எரிந்து நான் பார்த்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு சம்மட்டி. தூசி குழம்பில் இருந்தது, தலையணையில் இருந்தது, என் பள்ளிக்கூடப் பையில் இருந்தது. ஹாலில் நிற்கவே இடமில்லாததால் ஆளுக்கொரு அறையில் தொழுதுகொண்டோம். வாப்பாவும் சாச்சாவும் உயரத்துக்குச் சண்டை போட்டார்கள், வயருக்குச் சண்டை போட்டார்கள். கடைசியில் டிவி ஏறியபோது அது நேராக நிற்காமல் தரையைப் பார்த்துக் குனிந்து நின்றது.

"தியேட்டர் ஆங்கிள் காக்கா, இப்படித்தான் இருக்கணும்" என்றார் சாச்சா. எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

வாப்பா ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டார். அவருக்குக் கை ஓய்ந்துபோயிருந்தது.

அன்று அந்தி நேரத் தொழுகைக்கு வெகுநாள் கழித்து எல்லோரும் ஹாலில் ஒன்றாக நின்றோம். முன்னால் வாப்பா, அவருக்குப் பின்னால் சாச்சாவும் நானும், எங்களுக்குப் பின்னால் உம்மாவும் தங்கையும். தொழுது முடித்து எல்லோரும் உட்கார்ந்து கையேந்திக் கேட்கும் நேரம். தலை குனிந்திருக்க வேண்டியவன் நிமிர்ந்தேன். அணைந்து கிடந்த கறுப்புத் திரையில் நாங்கள் மொத்தமும் தெரிந்தோம். வாப்பாவின் தாடி, சாச்சாவின் தொப்பி, எல்லோருக்கும் பின்னால் உம்மாவின் முகம். ஏந்திய கைகளுக்கு மேலே அந்த முகம் நனைந்திருந்தது.

"வாப்பா, உம்மா இஸ் க்ரையிங்!" என்று கத்தினேன்.

எல்லோரும் திரும்பினோம். உம்மா அதற்குள் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள்.

"தூசி. வீடு பூரா தூசியாக்கி வச்சுட்டு என்னக் கேக்குறீங்களா?" என்றாள். பிறகு திரையைப் பார்த்தாள். "ஏங்க, கிப்லாச் சுவத்துல போய் யாராவது டிவி மாட்டுவாங்களா? நம்ம மூஞ்சியப் பாத்தே நாம தொழணுமா?"

திசைகாட்டி வைத்து வீடு வாங்கிய மனிதர் தம்பியைப் பார்த்தார். தம்பி சுவரைப் பார்த்தார். அங்குலம் அங்குலமாக அளந்த இருவரில் ஒருவருக்கும் அது எந்தச் சுவர் என்று தோன்றவே இல்லை. உம்மா டிவிக்காகத்தான் அழுதாள் என்று வாப்பாவுக்குத் தீர்மானமாகிவிட்டது. இப்போதே கழற்றுகிறேன் என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். சாச்சா அழுதுவிடுவார் போலிருந்தது.

"கழட்டெல்லாம் வேணாம். தொழுற நேரத்துக்கு ஒரு துணி போட்டா போதும்" என்றாள் உம்மா.

துணி போடும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு பழுப்பு நிறப் படுக்கை விரிப்பு, இரண்டு கிளிப்பு, ஒரு நாற்காலி. கிரிக்கெட்டில் கடைசி ஓவர் நடக்கும்போது சரியாக நேரமாகும். போட்டு, எடுத்து, மறுபடி போட்டு எனக்கு வெறுத்துப்போனது. மாடியில் தொழுதால் என்ன என்று கேட்டேன். ஹாலில் எல்லோரும் ஒன்றாகத்தான் என்றாள்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது உம்மா ஹாலில் தனியாகத் தொழுகை விரிப்பில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவளுடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. எதிரே டிவி துணியில்லாமல் பளபளவென்று நின்றது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்களுக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா, திஸ் இஸ் நாட் ஃபேர் என்று பையை வீசினேன். உம்மா திரும்பாமலே, "மறந்துட்டேன் வாப்பா, போய்க் கை கழுவு" என்றாள். என்னைக் கொஞ்சும்போதும் அவள் வாப்பா என்றுதான் சொல்வாள்.

அவளுடைய வாப்பா அந்தக் குளிர்காலத்தில் மௌத்தாகி, ஊரில் அடக்கமானார். கிரீன் கார்டு அதற்குப் பிறகுதான் வந்தது.

அந்த வீட்டில் அவள் அழுவதற்கென்று இருந்த ஒரே இடம் எங்கள் முதுகுக்குப் பின்னால்தான் என்றும், அதன் எதிரில் நாங்கள் அரும்பாடுபட்டு ஒரு கண்ணாடியை மாட்டிவைத்தோம் என்றும், அந்தத் துணி எங்கள் கண்ணிலிருந்து அவள் முகத்தை மறைக்கத்தான் என்றும் எனக்கு அப்போது புரியவில்லை. நான் பையை வீசியதற்கு மறுநாள் வீடு திரும்பியபோது இரண்டு கிளிப்பும் மாட்டித் துணி தயாராகத் தொங்கியது. நியாயம் ஜெயித்துவிட்டது என்று நான் சந்தோஷமாகப் போய்க் கை கழுவினேன்.