அந்தப் பக்கம் தள்ளிப்போன கோடு

எங்கள் மதிலில் இலக்கம் எழுத வந்த இரண்டு பேரும் மரியாதையானவர்கள். செருப்பைக் கேற்றுக்கு வெளியே கழற்றிவிட்டு வந்தார்கள். ஒருவர் கையில் சிவப்புப் பெயின்ற் பேணி, மற்றவர் கையில் கோப்பு. கோப்புக்காரர் என்னைப் பார்த்து, "ஐயா, வீட்டு உரிமையாளர் நீங்கதானே?" என்று கேட்டார்.

"இல்ல, அவ குசினிக்க நிக்கா. கூப்பிடுறன்," என்றேன்.

அவர் சிரித்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. தாய் மகளுக்கு எழுதிக் கொடுப்பாள். அவளைக் கட்டியவன் வந்து அங்கே இருப்பான். நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், பழுகாமத்தில் பிறந்தவன். முப்பது வருடங்களுக்கு முன் ஒரு பெட்டியும் ஒரு சைக்கிளுமாக வாவியைத் தாண்டி, ஏறாவூர்ப் பக்கத்திலுள்ள இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தேன். விதைப்புக்கும் வெட்டுக்கும் மட்டும் பழுகாமத்து வயலுக்கு, நாங்கள் வட்டை என்று சொல்லும் அந்த வெளிக்கு, திரும்பிப் போவேன். மற்ற நாளெல்லாம் இங்கேதான். குசினியை இடித்துப் பெரிதாகக் கட்டியது நான். கிணற்றுக்குக் கட்டு வைத்தது நான். வளவில் நிற்கும் ஏழு தென்னையும் என் கையால் வைத்தவை. ஆனாலும் காணி உறுதிப் பத்திரத்தில் என் பெயர் இல்லை. அதை நான் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவர்கள் விளக்கினார்கள். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு அதிவேக ரயில் ஓடப் போகிறது, அதற்குப் புதிய பாதை வேண்டும், அதோடு சேர்த்து நகரத்தையும் புதிதாக அமைக்கப் போகிறார்கள். கோடு எங்கள் வீட்டின் நடுவால் போகிறது. இப்போதைக்கு இது அளவை மட்டும்தான், ஒன்றும் முடிவில்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க தம்பி," என்றாள். அவர்கள் குடித்துவிட்டு, இலக்கத்தை எழுதிவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து எங்கள் ஒழுங்கை வீடுகளில் வேறு பேச்சே இல்லை. ரயிலை நாங்கள் கோச்சி என்போம். சந்தித் தேநீர்க்கடையில் ஆளுக்கொரு கோச்சி ஓடியது. அரிசி வியாபாரம் செய்பவர், காலையில் கொழும்புக்குப் போய்க் கணக்கு முடித்துப் பின்னேரம் சோத்துக்கு வந்துவிடலாம் என்று கனவு கண்டார். வாவியில் வலை வீசுகிறவர், கரையை நிரப்பி நடைபாதை போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, "நடக்கிற ஆக்கள் நடக்கட்டும், என்ட தோணிய நான் எங்க கட்டுற?" என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு திரிந்தார். சலூன்காரர் மட்டும் நம்பவே இல்லை. "இருக்கிற கோச்சிய முதல்ல நேரத்துக்கு விடச் சொல்லுங்க," என்பார், யாருடைய தலையைப் பிடித்திருந்தாலும்.

எங்கள் வளவின் பின்வேலியோடு பழைய தண்டவாளம் போகிறது. அதைத் தாண்டினால் முஸ்லிம் ஆட்களின் தெரு. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் முதலாவது வீட்டில் இருப்பவரை என் மனைவி ராத்தா என்று கூப்பிடுவாள். அங்கே அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். ராத்தாவுக்குக் கணவர் இல்லை. ஒரே மகன் கத்தாரில். அவர் வீட்டில் மூன்று தையல் மெஷின் வைத்து அபாயாவும் பள்ளிக்கூட உடுப்பும் தைப்பார். பொல்லாத காலங்களில் இரண்டு தெருக்களும் ஒன்றையொன்று பார்க்கப் பயந்து கிடந்த வருடங்கள் உண்டு. அதன் பிறகு முதலில் தண்டவாளத்தைத் தாண்டி வந்தவர் ராத்தாதான். கறிவேப்பிலை கேட்டு வந்தார். அவருடைய வளவிலேயே ஒரு மரம் நின்றது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் பின்னேர அஸர் தொழுகை முடிய வந்து, குசினிப் படியில் அரை மணித்தியாலம் இருந்துவிட்டுப் போவார்.

பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். சுவரை மறைக்கிற அளவுக்குப் பெரிய வரைபடம். இலக்கம் எழுதப்பட்ட வீட்டுக்காரர்கள் முன் வரிசையில், மற்றவர்கள் பின்னால். ஒருவர் பின் ஒருவராக எழுந்து ஏசினார்கள். நானும் எழும்பிப் பேச ஆயத்தமாக இருந்தேன். அதற்குள் என் மனைவி எழும்பிவிட்டாள். அவள் நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்து நான் கண்டதில்லை.

"என்ட ஊட்டுலயும் இலக்கம் போட்டிருக்கு," என்றாள். "உண்மையாவே இந்தக் கோச்சி வருமெண்டா, என்ட ஊட்ட எடுங்க."

ஏசிக்கொண்டிருந்தவர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"என்ட மகளுக்குச் சின்னனில நெஞ்சில ஓட்டை. மாசத்துக்கொருக்கா கொழும்புக்குக் கொண்டு போகோணும். ஒருநாள் காட்டுக்குள்ள, பாதையில யானை நிக்கிதெண்டு கோச்சிய மறிச்சுப் போட்டாங்க. விடிஞ்சு வெயிலும் ஏறிட்டு. புள்ளைக்கு உதடெல்லாம் நீலம். நான் மடியில வச்சுக்கொண்டு ஒவ்வொரு மூச்சா பாத்துக்கொண்டிருந்தன். இன்னொரு தாய் அப்பிடி இருக்கப்படாது."

அவ்வளவுதான். திரும்பக் கதிரையில் இருந்துவிட்டாள். பின்வரிசையில் இருந்த ராத்தா எழும்பி வந்து அவள் தோளைப் பிடித்து, "நல்லாச் சொன்னாய் தங்கச்சி," என்றார்.

எனக்குக் கோபம். அவளுக்கு முன்னால் வேகமாக நடந்து வீட்டுக்கு வந்தேன். வந்ததும், "என்ட்ட ஒரு சொல்லுக் கேக்கோணுமெண்டு உமக்குத் தோணல்லயா?" என்றேன். "உமக்கு இந்த ஊடு ஒண்டுமே இல்லயா?"

அவள் முகத்தைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

"நான் பிறந்த ஊடு. எனக்கு ஒண்டுமில்லாம இருக்குமா? அண்டைக்கு நீங்க கோச்சியில வரல்ல. வெட்டு நாள், வட்டையில நிண்டீங்க. நான் குறை சொல்லல்ல. ஆனா நீங்க அதைக் காணல்ல."

மகள் பிழைத்துக்கொண்டாள். இன்று கொழும்பில் ஒரு வைத்தியசாலையில் தாதியாக இருக்கிறாள். யானை நின்ற கதையை மனைவி அந்த நாளே எனக்குச் சொல்லியிருந்தாள். உதடு நீலமானதைச் சொல்லவில்லை. இருபது வருடங்களுக்கு மேலாக அதைத் தனியே வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். நான் அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். 

வீட்டைக் கொடுக்க மனதைப் பழக்கினோம். தென்னை ஒவ்வொன்றையும் நான் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவள் சுவரில் இருந்த படங்களைக் கழற்றித் துடைத்து, பிறகு திரும்பவும் மாட்டினாள். சில மாதங்கள் போயின. பிறகு கிராம சேவகர் புதிய வரைபடத்தோடு வந்தார். கோடு மாறிவிட்டது. எங்கள் வீடு தப்பிவிட்டது.

"அப்ப எங்கால போகுது?" என்று கேட்டேன்.

அவர் பின்வேலியைக் கையால் காட்டினார்.

அடுத்த நாள் ராத்தாவின் சுவரில் இலக்கம் எழுதினார்கள். அது அவருடைய உம்மா கொடுத்த வீடு. அதன் முன்பகுதியை மகன் கத்தாரில் உழைத்துப் புதிதாகக் கட்டிக் கொடுத்து, நிலத்துக்கு மாபிள் பதித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அன்று அஸருக்குப் பிறகு ராத்தா வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் மனைவி தண்டவாளத்தைத் தாண்டிப் போனாள். நான் வேலியடியில் நின்றேன். ராத்தா வாசலிலேயே நின்றுகொண்டு பேசியது எனக்குக் கேட்டது.

"நீதானேகா எடுங்க எண்டு சொன்னாய்? எடுக்காங்க. போ."

மனைவி திரும்பி வந்தாள். வேலிக் கம்பியைத் தாண்டும்போது நான் கை கொடுத்தேன். "நான் என்ட ஊட்டத்தானே எடுக்கச் சொன்னன்," என்றாள், எனக்கா தனக்கா என்று தெரியாத மாதிரி. அன்று அவள் சாப்பிடவில்லை.

அடுத்த கிழமை, "அலுவலகத்துக்குப் போவம் வாங்க," என்றாள். திட்ட அலுவலகத்தில் எங்களைச் சந்தித்தவர் ஒரு பெண் பொறியியலாளர், எங்கள் மகளின் வயதிருக்கும். மனைவி வரைபடத்தில் எங்கள் வளவில் விரலை வைத்து, "முதல்ல இஞ்சதானே கோடு இருந்த? திருப்பி இஞ்சையே போடுங்க மகள். நாங்க ஒண்டும் சொல்லமாட்டம்," என்றாள்.

பொறியியலாளர் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அம்மா, கோச்சி வேகமாப் போறதெண்டா வளைவு பெரிசா, மெதுவா வரோணும். ஒரு ஊட்டுக்காக வளைக்க ஏலாது. இஞ்ச திருப்பினா அங்கால நாப்பது ஊடு போகும்." பிறகு, இவ்வளவு நாளும் தங்கள் வீட்டைத் தப்ப வைக்கச் சொல்லித்தான் எல்லோரும் வந்தார்கள் என்றும், தன் வீட்டை எடுக்கச் சொல்லி ஒருவர் வந்தது இதுதான் முதல் தடவை என்றும் சொன்னார். வெளிவாசல் வரை எங்களோடு நடந்து வந்தார்.

பஸ்ஸில் வரும்போது மனைவி, "நம்மட தெற்கு மூலைய ராத்தாவுக்குக் குடுத்தா என்ன?" என்றாள். அந்த மூலையில்தான் மகளுக்குச் சின்னதாக ஒரு வீடு கட்ட வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம். அன்று மாலை மகளுக்குப் போன் எடுத்துக் கேட்டோம்.  அவள், "என்ட்ட இதையெல்லாம் கேக்கிறீங்களேம்மா," என்று சொல்லி அழுதாள். அது சம்மதம்தான்.

ராத்தா வீட்டுக்கு இம்முறை நானும் கூடப் போனேன். ராத்தா எங்களை உள்ளே வரச் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. மாபிள் நிலத்தில் மூவரும் இருந்தோம். மனைவி விஷயத்தைச் சொன்னாள். ராத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"உனக்கென்ன விசராகா? மகளுக்குச் சீதனமா வச்ச மண்ண எனக்குத் தாறயா?"

"அவளும் ஓமெண்டுட்டா ராத்தா."

"நான் வாங்கமாட்டன். நட்டஈடு கிடைச்சா என்ட மகன் வேற இடத்தில கட்டித் தருவான்." கொஞ்ச நேரம் மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் உன்னோட அப்பிடிக் கதைச்சிருக்கப்படாது. கூட்டத்தில நல்லாச் சொன்னாயெண்டு சொன்னதும் நான்தான். அப்ப என்ட ஊட்டுச் சுவரு வெள்ளையா இருந்த."

மனைவி எழும்பிப் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். நான் முற்றத்துக்கு இறங்கி, அவருடைய கறிவேப்பிலை மரத்தடியில் நின்றேன்.

மண்ணை ராத்தா கடைசி வரை வாங்கவில்லை. ஆனால் வீட்டை ஒப்படைக்க வேண்டிய திகதி கடிதத்தில் வந்தபோது, மெஷின்களை எங்கே வைப்பது என்று கவலைப்பட்டார். நோன்புப் பெருநாள் உடுப்பு ஓடர்கள் குவிந்திருந்த நேரம். "உங்கட ஹோலுக்க வைக்கட்டா, தம்பி?" என்று அவரே என்னிடம் கேட்டார். தண்டவாளத்தில் மெஷினைத் தூக்கிக்கொண்டு நடப்பது லேசில்லை. வலை வீசுகிறவரும் சலூன்காரரும் வந்து கை கொடுத்தார்கள். எங்கள் ஹோலில் இருந்த கதிரைகள் விறாந்தைக்குப் போயின.

திகதி வந்தது, யாரும் வரவில்லை. ஒரு மாதம் கழித்து விசாரித்தோம். திட்டத்தை மறுபடி பார்க்கிறார்கள் என்றார்கள். அந்தப் பெண் பொறியியலாளரும் இடமாற்றமாகிப் போய்விட்டார். இதை எழுதும் இன்று வரைக்கும் ராத்தாவின் வீடு இலக்கத்தோடு அப்படியே நிற்கிறது. இடிப்பார்களா, இடிக்கமாட்டார்களா என்று சொல்ல யாரும் இல்லை. பெயின்ற் அடிக்கவும் முடியாது, ஓடு மாற்றவும் மனம் வராது. மகன் கத்தாரிலிருந்து ஒவ்வொரு கிழமையும் கேட்கிறான்.  அந்தக் காத்திருப்பு ஒரு நோய் மாதிரித்தான். ராத்தா மெலிந்துவிட்டார்.

மெஷின்களை மட்டும் திருப்பிக் கொண்டுபோகவில்லை. ஒருநாள் நான், "ராத்தா, தூக்கித் தரட்டுமா?" என்று கேட்டேன்.

"ஏன், சத்தம் கரைச்சலா இருக்கா?"

"ஐயோ இல்ல."

"அப்ப கிடக்கட்டும் தம்பி. அங்க தனிய இருந்தா அந்த இலக்கத்தத்தான் நினைச்சுக்கொண்டிருப்பன்."

இப்போது காலையில் எட்டு மணிக்கு வருகிறார். மனைவி பொத்தான் தைக்கப் பழகிவிட்டாள். ராத்தா பாதியைப் பிரித்துத் திரும்பத் தைக்கிறார், அதற்கு ஒரு சண்டை. லுஹர் தொழுகை நேரத்தில் நடு அறையைக் கூட்டி, பாய் விரித்துக் கொடுப்போம். மத்தியானம் அவர் கொண்டுவரும் மீன் ஆணமும் எங்கள் வீட்டுச் சோறும். போன கிழமை மகள் விடுமுறைக்கு வந்து, ஹோல் வாசலில் பையோடு நின்று, "இருக்கிறதுக்கு ஒரு கதிரையும் இல்லயே!" என்றாள். ராத்தா அளவு நாடாவைத் தோளிலிருந்து எடுத்தபடி, "நிண்டபடியே நில்லு புள்ள, சட்டைக்கு அளவெடுக்கோணும்," என்றார்.