டோக்கியோவுக்குப் போன சாவி

“...ஒழுகுதுன்னு சொன்னா உடனே நம்பிடறதுங்களா? பூட்ட உடைக்கறதுக்கு இது ஒரு சாக்குங்க,” என்றாள் என் மனைவி.

டோக்கியோவில் ஐந்தாவது மாடியில், முன்பின் பார்த்திராத ஒருவரின் சமையலறையில் நின்றுகொண்டு சொன்னாள். கையில் தோசைக் கரண்டி. கழுத்தில் தாலிக்கொடியோடு சேர்த்துக் கோத்த ஒரு சாவி. அதற்குரிய பூட்டு குன்னூரில், எங்கள் வீட்டு மூலை அறைக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்தச் சமையலறையின் சொந்தக்காரர்கள், ஓய்வுபெற்ற ஒரு கணவனும் மனைவியும், அந்தக் கதவுக்கு வெளியே நின்று எங்கள் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

மூன்று வாரம் அவர்கள் எங்கள் வீட்டில், நாங்கள் அவர்கள் வீட்டில். வாடகை கிடையாது. இப்படி வீடு மாற்றிக்கொள்பவர்களுக்கென்றே இணையத்தில் ஓர் இடம் உண்டு. மகள் காட்டினாள், நான் மாட்டிக்கொண்டேன். குந்தா மின்நிலையத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க மலையை விட்டு இறங்காதவனுக்கு, கடைசியில் ஒரு தலைநகரத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை.

விஷயம் கேள்விப்பட்ட எங்கள் பால்காரர் சொன்னதை நான் இன்னும் சொல்லிச் சிரிக்கிறேன். “ஏனுங்க, மாட்ட மாத்திக்கிறவங்களப் பாத்திருக்கறேன். ஊட்ட மாத்திக்கிறவங்கள இப்பத்தான் பாக்கறேன். கறக்குதான்னு பாத்து வாங்குங்க.” பக்கத்து வீட்டு டீச்சரம்மா வேறு விதம். “தைரியமா போயிட்டு வாங்க. உங்க ஊட்டு மேல என் ரெண்டு கண்ணும் இருக்கும். ஒண்ணுல புரை, அதையும் சேத்துத்தான் சொல்றேன்.”

என் மனைவி இரண்டுக்கும் சிரிக்கவில்லை. அவள் பிறந்தது கிளென்மார்கன் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் கொடுத்த வீட்டில். அப்பா ஓய்வு பெற்ற அன்று ஆபீஸில் சாவியைக் கொடுத்துவிட்டு, பெட்டிகளோடு ரோட்டில் நின்றார்கள். என்னைக் கட்டிக்கொண்டு குந்தா குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். நான் ஓய்வு பெற்றபோது அதே கதை, வேறு சாவி. அதன் பிறகுதான் குன்னூரில் இந்த வீடு. “ரெண்டு தடவ சாவியக் குடுத்துட்டு வெளிய நின்னவ நான். மூணாந்தடவ நானாவே போயி குடுக்கணுங்களா?” என்று கேட்டாள். ஆனாலும் டிக்கெட் போட்டுவிட்டேன்.

அதனால் ஓர் உடன்பாடு. வீட்டைத் தருவாள், மூலை அறையைத் தரமாட்டாள். வீட்டுப் பத்திரம் இருக்கும் பீரோ அங்கேதான். பத்திரத்தைக் கையோடு எடுத்துவரலாம் என்றால், “பிளேன்ல பெட்டி தொலைஞ்சா?” என்றாள். பெரிய பூட்டாக வாங்கிப் பூட்டினாள். அதோடு விடவில்லை. பாதி பின்னிய ஸ்வெட்டரிலிருந்து சிவப்புக் கம்பளி நூலை அறுத்து, பூட்டையும் தாழ்ப்பாளையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டாள். அவள் அப்பா ஃபேக்டரியில் தேயிலைச் சாக்குக்குப் போட்ட முடிச்சு. இடது கைக்காரரான அவர் போட்டதும், அவரைப் பார்த்துப் பழகிய இவள் போடுவதும் ஒரே மாதிரி இருக்கும். மற்றவர்கள் அறுக்கலாம், அவிழ்த்து அதே மாதிரி திரும்பக் கட்ட முடியாது.

டோக்கியோவில் இறங்கிய முதல் நாளே சந்தேகம் எங்களுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டது. குளியலறையில் வெந்நீர் தயாரானதும் சுவரில் பதித்த கருவியிலிருந்து ஒரு பெண்குரல் பேசியது. “உள்ள ஆள் இருக்குதுங்க” என்று துண்டோடு வெளியே ஓடிவந்தவள், அதன் பிறகு பக்கெட்டில்தான் குளித்தாள். குப்பை எடுக்காத கிழமையில் நான் வெளியே வைத்த பையை, எதிர்வீட்டுப் பாட்டியம்மா கதவைத் தட்டித் திருப்பித் தந்துவிட்டுக் குனிந்து வணங்கினார். “பாத்தீங்களா? நம்மள வேவு பாக்க ஆள் போட்டிருக்காங்க.”

எல்லாவற்றையும்விட அவளை உறுத்தியது, அந்த வீட்டில் பூட்டிய இடமே இல்லை என்பதுதான். அலமாரி, மேசை, எல்லாம் திறந்து கிடந்தன. சமையலறை இழுப்பறையில் சாப்பிடும் குச்சிகளுக்குப் பக்கத்தில் பேங்க் புத்தகமும், கையெழுத்துக்குப் பதிலாக அவர்கள் குத்துகிற சின்ன முத்திரையும் இருந்தன. அவள் இழுப்பறையைச் சட்டென்று மூடினாள். “தூண்டில் போட்டிருக்காங்க. தொடாதீங்க.”

பத்தாம் நாள் மதியம் அந்தச் செய்தி வந்தது. போன் மொழிபெயர்த்த தமிழ், விறைப்பாக: ‘பூட்டிய அறைக்குள் நீர் விழும் சத்தம். மழை பலமாக உள்ளது. நாங்கள் கதவைத் தொடவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று தயவுசெய்து கூறவும்.’ கூடவே ஒரு படம்.

மூலை அறை நாங்கள் பின்னால் சேர்த்துக் கட்டியது. மேலே தகர ஷீட். குரங்குகள் குதித்துக் குதித்து அதன் திருகுகள் ஆடுவது எனக்குத் தெரியும். ஐப்பசி மழை, நேர் கீழே பீரோ. சொன்னேன். அப்போதுதான் அவள் ‘இது ஒரு சாக்குங்க’ என்று சொன்னது.

“சரி, என்னதான் பண்றது? சாவி உன் கழுத்துல தொங்குது.”

“டீச்சர் வந்து உடைக்கட்டும். அவங்க ரெண்டு பேத்தையும் ரோட்டுக்கு அனுப்பிட்டு.”

“அந்த மழைல? டீச்சருக்கு ஒரு கண்ணு தெரியாது. பூட்ட விட்டுட்டு விரல நசுக்கிக்குவாங்க.”

“பத்திரம் நனைஞ்சா ஒரு வழி, அவங்க கையில சிக்குனா ஒரு வழி. எப்படியும் எம் பொழப்பு ரோட்டுலதான்,” என்று கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவள் கண் கலங்கியது. போனை அவள் முன்னால் வைத்தேன்.

படத்தை விரலால் பெரிதாக்கினாள். கதவுக்கு அடியில் தண்ணீர் கசிந்திருந்தது. அதைத் தடுக்கத் துண்டுகளை மடித்து வரிசையாக வைத்திருந்தார்கள். அவை எங்கள் துண்டுகள் அல்ல, டோக்கியோவிலிருந்து கொண்டுபோன அவர்களுடைய நல்ல துண்டுகள். அதையும் தாண்டி வரும் தண்ணீருக்கு, அந்த அம்மாவின் மழைக்கோட்டை மடித்து வைத்திருந்தார்கள். இவள் துண்டைப் பார்க்கவில்லை. படத்தை மேலே நகர்த்திப் பூட்டுக்குப் போனாள். இன்னும் பெரிதாக்கினாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

சிவப்பு நூல் இருந்தது. ஈரத்தில் கறுத்து, ஒரு முனை மட்டும் தொங்கியது. முடிச்சு அப்படியே.

“அப்பா முடிச்சுங்க,” என்றாள். பத்து நாளாக அந்த நூலை அவர்கள் தினமும் பார்த்திருப்பார்கள், எதற்கென்றும் புரிந்திருக்கும். அவள் முகம் சிவந்தது. பேங்க் புத்தகம் இருந்த இழுப்பறையைத் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு போனை எடுத்து டீச்சரம்மாவைக் கூப்பிட்டாள்.

“டீச்சர், நாந்தான். பின்னால விறகு அடுக்குக்குக் கீழ சுத்தியல் இருக்குது, எடுங்க. இல்லீங்க, நீங்க ஒண்ணும் உடைக்க வேண்டாம். அவங்க கையில குடுங்க. ஆமா, அவங்க கையிலயேதான். நூல மொதல்ல அறுக்கச் சொல்லுங்க, இல்லாட்டி வழுக்கும்.”

அந்தப் பக்கம் நடை, மழை, டீச்சரம்மாவின் உரத்த தமிழ், பதிலுக்கு ஏதோ ஜப்பானியம். அப்புறம் சுத்தியல். இவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடினாள்.

சத்தம் நின்றது.

“உள்ள போயிட்டாங்களா? பீரோவ ஜன்னல் பக்கமா தள்ளச் சொல்லுங்க, டீச்சர்,” என்றாள். “முன்கால் ஒண்ணு ஆடும். அவங்க கால் மேல விழுந்துறப் போகுது, பாத்துத் தள்ளச் சொல்லுங்க.”