தேய்ந்த சட்டியின் சூடு

பிலிமத்தலாவை வீட்டின் பின்புறத்தில் உட்கார்ந்து, பழைய காரின் எஞ்சின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டை அரைத்துக்கொண்டிருக்கிறேன். சூடேறிய இரும்புத் தூளின் வாசனை, நான் வளர்ந்த மஹய்யாவ வீட்டின் சாப்பாட்டு மேசையைக் கண்முன் கொண்டுவந்துவிட்டது.

அந்த மேசையில்தான் அப்பா வாடகைக்கு ஓட்டிய தன் ஹயர் காரின் ஹெட்டை வைத்து, எஞ்சினுக்கு இழுவை கூடட்டுமென்று காற்றுப் போகும் துளைகளை டிரில்லால் அகலப்படுத்தினார். ஆள் ஏறினால் கடுகண்ணாவை ஏற்றத்தில் திணறும் கார் அது. அவருடைய தடித்த விரல் துளைக்குள் போகாது. உள்ளே வழவழப்பாகிவிட்டதா என்று தடவிப் பார்ப்பது அம்மாவின் வேலை. “சோறெல்லாம் இரும்பு நாறுது” என்று திட்டிக்கொண்டேதான் விரலை விடுவார்.

ஒருநாள் அம்மா விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“இந்தப் பக்கம் மட்டும் அடி தேஞ்ச சட்டி மாதிரி சுடுதுங்க, இரும்பு மெலிஞ்சிருச்சு. போதும், விடுங்க.”

“இன்னும் கொஞ்சந்தான்.”

“ஓட்டை விழுந்தா ஹயருக்கு எதுல போவீங்க?”

அப்பா முணுமுணுத்தபடி டிரில்லை வைத்தார்.

ஹெட்டைத் திரும்ப மாட்டியபின் மாவனல்லைக்குப் போய்த் திரும்பும்போது, எங்கள் எல்லாரையும் சுமந்துகொண்டு கார் கடுகண்ணாவை ஏற்றத்தில் திணறாமல் ஏறியது. மேலே தேநீர்க் கடைக்காரர் நீட்டிய, பால் சேர்க்காத முதல் பிளேன்டீயை அப்பா அம்மாவிடம் கொடுத்தார். எப்போதும் தானே முதலில் குடிப்பவர்.

இப்போது என் விரலும் துளைக்குள் போகவில்லை. மனைவியைத்தான் கூப்பிட வேண்டும். அதற்கு முன்னால் போய் அவளுக்கு ஒரு பிளேன்டீ ஊற்றுகிறேன்.