ஏழாம் நம்பர் கடிதம்

மூன்று தரம்தான் எழுதலாம். மூன்றாவதிலும் கோட்டை விட்டால் கெஷுவல் பட்டியலிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள். மிளகும் கராம்பும் சாதிக்காயும் வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பனி அது. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் கீழே ஸ்டோர், மேல்மாடியில் ஒஃபிஸ். அந்த மேல்மாடியில் நான்கு வருடம் கடிதம் டைப் அடித்தேன். மாதம் முடிய ஒரு கையெழுத்து, இன்னொரு மாதம் வேலை, மறுபடி ஒரு கையெழுத்து. நிரந்தரமாக்க வேண்டுமென்றால் இங்கிலீஷ் டெஸ்ட் பாஸ் பண்ண வேண்டும். ஒரு வியாபாரக் கடிதம் தருவார்கள். அதை வாசித்துக் கேள்விகளுக்குப் பதில் எழுதி, பத்துச் சொல்லுக்கு அர்த்தமும் எழுத வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் என்னைத் தின்று தீர்த்தது.

நான் மஹய்யாவக்காரி. தெருக் கூட்டுகிறவர்களின் குடியிருப்பு அது. ஒஃபிஸில் யாராவது ஊர் எது என்று கேட்டால் "டவுன்தான்" என்று சொல்லிவிட்டு ஃபைலைப் புரட்டுவேன். மஹய்யாவ என்றதும் சில முகங்கள் மாறுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அப்பா மாநகர சபையில் தெருக் கூட்டுகிறவர். அவருடைய அப்பாவும் அதே வேலை. ஓய்வு பெறுகிறவர் தன் பிள்ளை ஒருவருக்கு அந்த வேலையைக் கேட்டு விண்ணப்பப் பாரம் போடுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். அண்ணன் கொழும்புக்குப் போய் அங்கேயே கல்யாணம் கட்டிக்கொண்டான். மிச்சம் நான்.

"பேரு குடுத்திரவா புள்ள? இப்பக் குடுத்தாத்தான் உண்டு. நான் வெளிய வந்த பொறகு கேட்டா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க" என்றார் அப்பா ஒரு நாள், சோற்றில் கையை வைத்தபடி.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "எம் பேர அங்க குடுத்தீங்கன்னா நான் வீட்ட விட்டே போயிருவேன். வெளக்கமாறு புடிக்கவா ஏ.எல். வரைக்கும் படிச்சேன்?"

அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்த வெளக்கமாறுதான் ஒன்ன ஏ.எல். வரைக்கும் படிக்க வச்சிச்சு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, "சரி, ஒன்னோட சோதனை முடியட்டும். பாரத்துக்கு நாள் இருக்கு" என்றார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். இன்றைக்கும் அந்த வாயை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிப்பதில்லை.

முதல் தரம் டெஸ்ட் எழுதியபோது எனக்கு ஒன்றுமே தெரியாது என்பதுதான் உண்மை. தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். எங்களுக்கு இங்கிலீஷ் படிப்பித்த டீச்சர் கட்டுரைகளைக் கரும்பலகையில் எழுதிப்போடுவார், நாங்கள் பாடமாக்கி ஒப்புவிப்போம். பசுவைப் பற்றி நிறுத்தாமல் இருபது வரி சொல்லத் தெரியும். பக்கத்து வீட்டுப் பசுவைப் பற்றி ஒரு வரி சொல்லத் தெரியாது. அந்த முதல் கடிதத்தைக் கண்டதும் எழுத்துகள் எல்லாம் கலங்கிப்போய், பாதித் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டாவது தரத்துக்கு முன்தான் 'கட்டு' என் கைக்கு வந்தது. கெஷுவல் ஆட்கள் ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்கிற போட்டோகொப்பிக் கட்டு அது. பழைய டெஸ்டுகளில் வந்த பன்னிரண்டு கடிதங்கள் அதில் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் எங்களுக்கு முன்னால் பாஸ் பண்ணிப்போன யாரோ பென்சிலால் பதில் எழுதியிருந்தார்கள். வெளியே காட்டக்கூடாது, பாஸ் பண்ணியதும் அடுத்த ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். சுற்றிச் சுற்றி இந்தப் பன்னிரண்டில் ஒன்றுதான் வரும் என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். நான் முதல் ஆறைப் பாடமாக்கிக்கொண்டு போனேன். வந்தது ஒன்பதாவது. நான்கு மார்க்கில் போனது.

வயிற்றெரிச்சல் தாங்க முடியவில்லை. ஆனால் அந்தத் தோல்விதான் எனக்குக் கட்டின் மேல் அசையாத நம்பிக்கையைக் கொண்டுவந்தது. பன்னிரண்டையும் பாடமாக்கியிருந்தால் பாஸ் பண்ணியிருப்பேன் என்பது கண்முன்னால் நடந்துவிட்டதே! அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அடுத்த ஒரு வருடம் பைத்தியம் பிடித்தவள் மாதிரித் திரிந்தேன். கலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் சொற்களை எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். கன்சைன்மென்ட், ரிமிட்டன்ஸ், ஷோர்ட்டேஜ். அம்மா சட்டியை இறக்கும்போதெல்லாம் கரித்துணி பட்டு ரிமிட்டன்ஸ் கறுத்துப்போகும். "இந்தச் சொவத்துல மஞ்சப் பூசி சாமி படம் மாட்டலாம்னு பாத்தேன், இவ கடையக் கொண்டாந்து ஒட்டியிருக்கா" என்று அம்மா முணுமுணுப்பார். "வீ ரிகிரெட் டு இன்ஃபோர்ம் யூ, சீனி முடிஞ்சிருச்சு" என்பேன் நான். அப்படிச் சிரித்த நாட்களும் இருந்தன.

பின்னேரங்களில் அப்பாதான் எனக்கு ஆள். அவருக்கு எந்த மொழியிலும் வாசிக்கத் தெரியாது. இருந்தாலும் குளித்துவிட்டு வந்து, கதிரையில் உட்கார்ந்து, கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். நான் எதிரே நின்று ஒப்புவிப்பேன். கேட்டுக் கேட்டு அவருக்கு ஓசை பழகிவிட்டது. ஐந்தாவது கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டிப் போனால் கையை உயர்த்துவார்.

"இந்த எடத்துல நேத்து இன்னும் கொஞ்சம் சொன்னியே."

பார்த்தால் ஒரு வரி விட்டிருப்பேன். எனக்கு மெய் சிலிர்க்கும். வாசிக்கத் தெரியாத மனுஷனே கண்டுபிடிக்கிற அளவுக்குப் பாடமாகிவிட்டது, இனி என்ன பயம் என்று நினைப்பேன். அந்த மனுஷனுக்கும் எனக்கும் அந்தக் கடிதத்தைப் பொறுத்தவரை வித்தியாசம் இல்லை என்பது என் மரமண்டையில் ஏறவேயில்லை.

ஒஃபிஸில் எனக்கு ஒரே கூட்டாளி தெல்தெனியிலிருந்து பஸ் ஏறி வருகிற ஒரு முஸ்லிம் பெண். என்னைவிட இரண்டு வயது மூப்பு. ராத்தா என்று கூப்பிடுவேன். அவரும் கெஷுவல்தான், அவருக்கும் அது மூன்றாவது தரம். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டேஷனரி அறையில் இருவரும் கட்டோடு உட்காருவோம். ராத்தாவுக்கு மூன்று கடிதத்துக்கு மேல் பாடமாகவில்லை.

"தங்கச்சி, இது எனக்குச் சரிவராது. மண்டையில நிக்குதே இல்ல. நான் வாசிக்கத்தான் போறன். கட்ட அங்கால வெச்சிட்டு இன்னக்கி வந்த கடிதத்தக் கொஞ்சம் பாப்பமா?" என்றார் ஒரு நாள்.

அன்று காலையில் வெளிநாட்டு வியாபாரி ஒருவரிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. பதில் டைப் அடிக்க என் மேசைக்கு வந்த கடிதம்தான். இது என்ன சொல்கிறது என்று ராத்தா கேட்டார். "சாதிக்காய் தரம் போன தடவை மாதிரி இல்லையாம். மாதிரி அனுப்பி, அவங்க சரின்னு சொன்ன பொறகுதான் மூட்டை ஏத்தணுமாம். இல்லாட்டி வேற எடத்துல வாங்கிக்குவாங்களாம்" என்றேன், வாயில் வடையை வைத்துக்கொண்டே.

ராத்தா என் கையைப் பிடித்தார். "அல்லாஹ்வே! ஒங்களுக்கு வெளங்குது தானே! பொறகு என்னத்துக்கு இந்தக் கட்டக் கட்டிப் புடிச்சிட்டு ஈக்கிறீங்க?"

"ஐயோ ராத்தா, அது வேலைக் கடிதம். தெனம் டைப் அடிக்கிறது. டெஸ்ட்டு வேற" என்றேன்.

அப்படித்தான் நம்பினேன். நான்கு வருடம் கடிதம் அடித்து அடித்து, எனக்கே தெரியாமல் அந்த மொழி என்னுள் இறங்கியிருந்தது. ஆனால் அதை இங்கிலீஷ் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்ன ராத்தாவின் பேச்சையும் நான் கேட்கவில்லை. இங்கிலீஷ் என்றால் பாடமாக்குவது. என் கண்ணைவிட யாரோ முகம் தெரியாத ஆளின் பென்சில் எழுத்து எனக்குப் பெரிதாக இருந்தது.

மூன்றாவது டெஸ்ட் ஒரு சனிக்கிழமை காலை நடந்தது. அம்மா கோயிலுக்குப் போய்த் திருநீறு கொண்டுவந்து பூசிவிட்டார். அப்பா வேலைக்குப் போகிற வழியில் குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட் வரை என்னோடு வந்தார். சபை உடுப்போடு இருந்தார். கம்பனி ஆட்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நான் நான்கு அடி முன்னால் நடந்தேன்.

கேள்வித்தாளைத் திருப்பினேன். நெஞ்சு துள்ளியது. மேலே அதே தலைப்பு, அதே முதல் வரி: கராம்பு ஓர்டர் சம்பந்தமாக எழுதுகிறோம். ஏழாம் நம்பர் கடிதம்! எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. துறைமுகத்தில் வேலைநிறுத்தம், கப்பல் தாமதம், விற்றவர் மன்னிப்புக் கேட்டு இரண்டு கிழமை தவணை கேட்கிறார். கேள்விகளும் எப்போதும் வருகிறவைதான். எழுதியவர் யார், பிரச்சினை என்ன, என்ன கேட்கிறார், நீங்களாக இருந்தால் என்ன பதில் அனுப்புவீர்கள். இரண்டாவது வரியை நான் பார்க்கவேயில்லை. பென்சில் பதில்களை ஒரு கமா பிசகாமல் எழுதினேன். அரை மணித்தியாலத்தில் முடிந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். முன் மேசையில் ராத்தா இன்னும் வரிக்கு வரி விரலை வைத்து நகர்த்திக்கொண்டிருந்தார். பாவம் என்று நினைத்தேன். ஆம், நான் அவருக்காகப் பரிதாபப்பட்டேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு பெயர்களை ஒட்டினார்கள். ராத்தாவின் பெயர் இருந்தது. என் பெயரைக் கீழிருந்து மேலாகவும் தேடினேன். ராத்தா என் தோளைப் பிடித்தார். நான் கையைத் தட்டிவிட்டு நேரே மேடத்தின் அறைக்குப் போனேன். ஆட்களின் ஃபைல்களைப் பார்க்கிற சிங்களப் பெண்மணி அவர். என்னோடு எப்போதும் மரியாதையாகப் பேசுவார். தாளைக் காட்டுங்கள், எங்கேயோ பிழை நடந்திருக்கிறது என்று சத்தம் போட்டேன். அவர் திட்டவில்லை. அலுமாரியைத் திறந்து என் விடைத்தாளையும் கேள்வித்தாளையும் எடுத்து முன்னால் வைத்தார்.

"கியவன்ன" என்றார், கடிதத்தைத் தொட்டுக் காட்டி. வாசியுங்கள் என்கிறார்.

வாசித்தேன். இரண்டாவது வரியை மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். இதை எழுதியவர் விற்றவர் இல்லை, வாங்கியவர். கப்பல் சொன்ன நாளிலேயே வந்துவிட்டது. ஆனால் மூட்டைகள் நனைந்து, கராம்பு பூஞ்சணம் பிடித்திருந்தது. இந்தச் சரக்கு வேண்டாம், புதிது அனுப்புங்கள் என்று கேட்கிறார். மேடம் என்ன எழுதியிருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டார். ஒன்று விடாமல் சொன்னேன். சொற்களைக் கேட்டார். பத்துக்கும் அர்த்தம் சொன்னேன். ஒன்றுக்குக்கூட நான் தடுமாறவில்லை.

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். என் விடைத்தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவ்வளவு தெரிந்துவைத்துக்கொண்டு ஏன் இப்படி எழுதினீர்கள்?" என்றார்.

"வாசிக்கல மேடம். எனக்கு வாசிக்கத் தெரியும்னு எனக்கே தெரியாது" என்றேன். சிங்களத்தில் கேட்டவருக்குத் தமிழில்தான் பதில் வந்தது. அதற்குமேல் முடியாமல் அந்த மேசையிலேயே தலையைக் கவிழ்த்து அழுதேன். அவருக்கும் கண் கலங்கியது. ஆனால் மூன்று தரம் என்பது மூன்று தரம்தான். அவர் கையில் ஒன்றும் இல்லை. மாதக் கடைசியோடு நின்றேன். கட்டை ராத்தாவிடம் கொடுத்து எரித்துவிடச் சொன்னேன். எரித்தாரோ, அடுத்த ஆளிடம் கொடுத்தாரோ தெரியாது. பிறகு அவரைக் கண்டால் நான் தெருவை மாற்றிக்கொள்வேன். அதுவும் என் புத்திதான்.

வேறு இடங்களில் ஏறி இறங்கினேன். எங்கும் இங்கிலீஷ் சேர்ட்டிபிகேட் கேட்டார்கள். அப்பாவின் பாரத்துக்குக் கடைசித் திகதி வந்துவிட்டது.

"அப்பா, எம் பேரையே குடுங்க" என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து பாரத்தை எடுத்தார். எப்போது வாங்கி வைத்தாரோ, மடித்த இடம் பழுப்பேறியிருந்தது. இங்கிலீஷில் அச்சடித்த பாரம். "சபைக் கந்தோர்ல ஒரு கிளாக்கர் ஐயா இருக்காரு, அவருகிட்டக் குடுத்து நெரப்பிக்கலாம்" என்றார்.

"கொண்டாங்க" என்று வாங்கினேன். மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் இரண்டு தரம் வாசித்தேன். அதற்குப் பிறகுதான் பேனாவைத் திறந்தேன். அப்பா பக்கத்தில் நின்று என் கை ஓடுவதையே பார்த்தார். "பாத்தியா, யாரையும் கேக்காம இங்கிலீசுப் பாரத்த அதுவாவே நெரப்புது எம் புள்ள. நம்ம பக்கத்துல ஒருத்தரும் இப்படி நெரப்புனதில்ல" என்று அடுப்படியைப் பார்த்து அம்மாவிடம் சொன்னார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்று கேட்டிருந்த கோட்டில், தெருக் கூட்டும் தொழிலாளி என்று ஓர் எழுத்துப் பிழையும் இல்லாத இங்கிலீஷில் எழுதினேன்.